பெருமை பேசக் கூச்சமா? வேலையைச் சொல்லுங்கள்

கருவாடு விற்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும்போது "தரமானது, சுவையானது" என்று எழுதாதீர்கள். நீங்கள் செய்த வேலையை மட்டும் எழுதுங்கள்: "பாம்பன் நெத்திலி. செவ்வாய் காலை கரைக்கு வந்தது. கழுவி, வலை விரித்து அதன்மேல் இரண்டு நாள் காயவைத்தேன். மணல் இருக்காது. கால் கிலோ இன்ன விலை." அவ்வளவுதான். அதில் "காயவைத்தேன்" முக்கியம். "காயவைத்தது" என்று எழுதினால் உழைத்தவர் காணாமல் போய்விடுவார். கருவாடு விற்கும் நம் பெண்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நமக்குக் கூச்சம் தன்னைப் புகழ்வதில்தான், செய்ததைச் சொல்வதில் இல்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்கிறோமே! வாங்குபவருக்கும் மணல், உப்பு, பழைய சரக்கு என்ற மூன்று பயம்தான் இருக்கும். "தரமானது" என்ற சொல் அதில் ஒன்றைக்கூடத் தீர்க்காது. ஓலைப்பெட்டி, கருப்பட்டி, முண்டு மிளகாய்க்கும் இதே வழிதான்.

மொத்த வியாபாரியிடம் இது எடுபடாது. அவர் கையை விட்டு அள்ளிப் பார்த்துத்தான் விலை சொல்வார். வங்கியில் கடன் கேட்கப் போனாலும் சரி, மாத விற்பனைக் கணக்கு நோட்டுதான் பேசும். அப்புறம், வாங்கி விற்கும் சரக்குக்கு "காயவைத்தேன்" போடக் கூடாது. "பார்த்து வாங்கினேன்" போதும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் தேதியையே சந்தேகப்படுவார்கள்.