தோட்ட வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் உங்கள் தோட்டத்துப் பால்மரம் (ரப்பர்) செம்பனையாகி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டு, மிஞ்சிய கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் சுற்றி ஒரு சிறு ஊர் நிற்கிறதா? முதலில் பெயர்களைச் சேருங்கள். கம்பெனி வைத்தது ஒன்று, நம் ஆட்கள் அழைத்தது ஒன்று, தோட்டத்தின் பிரிவான டிவிசனுக்கு வேறொன்று என்றிருக்கும். கம்பெனியும் கைமாறியிருக்கும்: பிரிட்டிஷ் கம்பெனியான கத்ரி (Guthrie) 1981இல் மலேசியர் கைக்கு வந்து, 2007இல் இன்னொரு தோட்டக் கம்பெனியான சைம் டார்பியோடு இணைந்தது. 1982க்கு முந்தைய தாள்களில் தெலுக் இந்தான் என்ற ஊர்ப்பெயர் கிடைக்காது. தெலுக் ஆன்சன் என்ற பழைய பெயரில் தேட வேண்டும்.

கோயில் கல்வெட்டை உடனே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அதிலிருப்பது கடைசிக் குடமுழுக்கின் ஆண்டு. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல்: 'பிரபவ' என்பது 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். மணியிலும் குத்துவிளக்கிலும் உபயதாரர் பெயரைப் பாருங்கள். அவர் கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) என்றால், எப்போது வேலையில் இருந்தார் என்று தெரிந்தால் அறுபதாண்டுக் குழப்பம் தீரும். தேய்ந்த எழுத்தில் மாவு, சுண்ணாம்பு பூசக் கூடாது. கம்பி பிரஷ் கூடவே கூடாது. இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி ஒவ்வொரு படம் எடுங்கள்.

பெரியவர்களிடம் "எந்த வருசம்?" என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். "மெர்டேகா அப்போ நீங்க பால் குடிச்ச பிள்ளையா பாட்டி, இல்ல பால் வெட்டப் போனீங்களா?" என்று கேளுங்கள். ஜப்பான்காரன் காலம் (1942–45), அவசரகாலம் (1948–60), மெர்டேகா எனும் நாட்டு விடுதலை (1957), 1969 கலவரம் ஆகிய நான்கையும் முளைகளாக வைத்துக்கொண்டு, எதற்கு முன், எதற்குப் பின் என்று நெருக்குங்கள். பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), பால் ஸ்டோர் (ரப்பர் பால் சேர்க்கும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கள்ளுக்கடை எங்கே இருந்தன என்று தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னால் அவர் தலையாட்டிவிடுவார், வேலை கெட்டது. மேனேஜர் பங்களாவுக்கு மெனக்கெட வேண்டாம்; அதன் படம் யாரிடமாவது இருக்கும். லயத்தின் படம்தான் அகப்படாது.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். தோட்டப் பெயரை மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஆங்கில இதழ்களில் அது பெரும்பாலும் கம்பெனிகளின் மாதாந்தர ரப்பர் விளைச்சல் பட்டியலில்தான் தட்டுப்படும். தோட்டம் பட்டியலில் முதலில் தலைகாட்டும் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழித்தே பால் வெட்டுவார்கள் என்பதால், காடழித்த காலம் குறைந்தது அவ்வளவு முன்னால் இருக்கும்.