பைபிள் ஸ்டடி லீட் பண்ண பயமா இருக்கா?

ஸ்டூடண்ட் மினிஸ்ட்ரில (மாணவர்களுக்கான சர்ச் ஊழியம்) குரூப் லீட் பண்றவங்க, மீட்டிங்குக்கு முன்னாடி கடைசி 10 நிமிஷம் நோட்ஸை புரட்டிட்டே இருக்காதீங்க, அதை மூடி வச்சிட்டு வரப்போற பசங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லி ஜெபம் பண்ணுங்க. பைபிள்ல எரேமியா 1 பாருங்க, நான் சின்னப் பையன் எனக்கு பேசத் தெரியாதுன்னு எரேமியா தீர்க்கதரிசி சொன்னப்போ கர்த்தர் அவரோட திறமையைப் பத்தி எதுவும் சொல்லல, நான் உன்கூட இருக்கேன்னுதான் சொன்னார், யாத்திராகமம் 3-ல மோசேக்கும் அதே பதில்தான் (நியாயாதிபதிகள் 6-ல கிதியோனுக்கும்!). அதனால நீங்க கேள்வி கேட்டு யாரும் வாய் திறக்கலன்னா உடனே நீங்களே பேசி நிரப்ப வேணாம், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, அந்த அமைதியிலயும் கர்த்தர் வேலை செய்றார். ரெண்டே பேர் வந்தாலும் கேன்சல் பண்ணாதீங்க, ரெண்டு மூணு பேர் என் நாமத்துல கூடுற இடத்துல நான் இருக்கேன்னு இயேசு சொன்ன மத்தேயு 18:20 இருக்கு. பதில் தெரியாத கேள்வி வந்தா தெரியலன்னே சொல்லிட்டு, அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து தேடிப் பாருங்க.