'ஸ்கேர் ஆஃப்': பொருளும் பயன்படுத்தும் முறையும்

ஆங்கிலத்தில் 'ஸ்கேர்' என்றால் பயமுறுத்து என்று பொருள். அதனுடன் இரண்டு 'எஃப்' உள்ள 'ஆஃப்' (off) சேர்ந்துவிட்டால், பயந்தவர் அவ்விடத்தை விட்டு விலகினால்தான் வினை முழுமை அடையும். திடுக்கிட்டவர் அங்கேயே நின்றால் அது வெறும் 'ஸ்கேர்'. ஓடிவிட்டால் 'ஸ்கேர் ஆஃப்'. தமிழில் 'பயமுறுத்தி விரட்டினான்' என்னும்போது பயத்தை வினையெச்சத்திலும் விரட்டலை வினைமுற்றிலும் வைக்கிறோம். ஆங்கிலமோ பயத்தை வினையில் வைத்துவிட்டு, விரட்டலை அந்தச் சிறு சொல்லிடம் ஒப்படைத்துவிடுகிறது.

செயப்படுபொருளை இரண்டு இடங்களில் வைக்கலாம். 'தி டாக் ஸ்கேர்ட் ஆஃப் தி தீஃப்' என்றாலும், 'தி டாக் ஸ்கேர்ட் தி தீஃப் ஆஃப்' என்றாலும், நாய் திருடனை மிரட்டி விரட்டியது என்றே பொருள். ஆனால் 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் வர வேண்டும். 'ஸ்கேர்ட் ஹிம் ஆஃப்' சரி, 'ஸ்கேர்ட் ஆஃப் ஹிம்' பிழை.

இந்தப் பிழை இன்னொரு குழப்பத்துக்கும் வழிவிடுகிறது. ஒரே ஒரு 'எஃப்' உள்ள 'ஆஃப்' (of) சேர்ந்து 'ஸ்கேர்ட் ஆஃப் ஹிம்' என்று வந்தால், அவனைக் கண்டு பயம் என்று பொருள். அங்கே யாரும் யாரையும் விரட்டுவதில்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், ஆங்கில எழுத்தில் 'எஃப்' ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு: ஒற்றை 'எஃப்' உள்ள சொல் 'வ்' ஒலியோடு முடியும்.

இந்தத் தொடர் அதிகம் புழங்குவது, என் கணிப்பில், நேரடியான மிரட்டலே இல்லாத இடங்களில்தான். 'தி பிரைஸ் ஸ்கேர்ட் ஆஃப் பையர்ஸ்' என்ற வாக்கியத்தை 'விலை வாங்குபவர்களைப் பயமுறுத்தி விரட்டியது' என்று மொழிபெயர்த்தால் தமிழாகாது. 'விலையைக் கேட்டதுமே வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்' என்பதே இயல்பு. கடினமான விண்ணப்பப் படிவம், நீண்ட ஒப்பந்தம், இழப்பு பற்றிய வதந்தி ஆகியவையும் இப்படியே ஆட்களைத் தயங்கி விலகச் செய்யும். செயப்பாட்டு வினையிலும் இது வரும்: 'தே வேர் ஸ்கேர்ட் ஆஃப் பை தி ரிஸ்க்', அதாவது ஆபத்தை எண்ணி அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

'ஸ்கேர் அவே', 'ஃப்ரைட்டன் ஆஃப்' ஆகியவை ஏறத்தாழ இதே பொருளைத் தருபவை. பறவை, விலங்குகளை விரட்டும் இடத்தில் 'அவே' இயல்பாக வரும். 'ஸ்கேர் அப்' மட்டும் வேறு இனம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அதற்கு, கையில் கிடைத்ததைக் கொண்டு எதையாவது தேடித் திரட்டுவது என்று பொருள். அதில் பயத்துக்கு வேலையே இல்லை.