ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

மணலியில் குழாய் வேலை எடுத்துச் செய்பவருக்குப் பில் பணம் நின்றுபோனால், முதலில் போவது வக்கீல் நோட்டீஸ்தான். "15 நாளில் பணம் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்" என்று முடியும் அந்த நோட்டீஸால் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்ப்பது) தொடங்காது. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, இன்ன தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்ற கோரிக்கை அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தேதி, ஆர்பிட்ரேஷன் ஷரத்தின் எண், எந்தெந்த பில், எவ்வளவு பாக்கி என்பதையும் எழுதிவிடுங்கள்.

அடுத்து, தேதி. நோட்டீஸ் எதிர்த்தரப்பிடம் சேர்ந்த நாளில்தான் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அனுப்பிய நாள் செல்லாது. செய்த வேலைக்கான பணத்துக்குக் காலவரம்பு 3 ஆண்டு. கடைசி நாளன்று தண்டையார்பேட்டையில் தபாலில் போட்டு, இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால் கெடு தாண்டிவிட்டது. "பேசிக்கிட்டுதானே இருக்கோம்" என்று காத்திருந்து உழைத்த பணத்தை இழப்பவர்கள் பலர். வெறும் பேச்சு காலவரம்பை நிறுத்தாது. கெடு முடிவதற்குள் எதிர்த்தரப்பு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

முகவரியிலும் சறுக்குகிறார்கள். மாதவரத்தில் காலி செய்துவிட்டுப் போன கிடங்குக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரி, கம்பெனியின் பதிவு அலுவலகம், மின்னஞ்சல் மூன்றுக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். தபால்காரர் எழுதிய குறிப்பு சாட்சியம். டிராக்கிங் விவரத்தை அன்றே அச்செடுத்துவிடுங்கள்.

ஒரே நடுவர் என்றால், "இவரை நியமித்துவிட்டோம்" என்று எழுதவே கூடாது. வழக்கில் நலன் உள்ள தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி வாங்கிய தீர்ப்பு பின்னால் ரத்தாகலாம்; செலவும் காலமும் போச்சு. பெயர்களை முன்மொழிந்து சம்மதம் கேளுங்கள். 30 நாளில் உடன்பாடு வராவிட்டால், நடுவரை நியமிக்கக் கேட்டு 11ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். அது பாரிமுனையில் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஓடாதீர்கள். நடுவர் விசாரணைக்கான இடம் மும்பை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அங்கேதான் போக வேண்டும்.

நோட்டீஸுக்கு முன்பே 9ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கியிருந்தால், அந்த உத்தரவிலிருந்து 90 நாளுக்குள் நோட்டீஸ் எதிர்த்தரப்பிடம் சேர்ந்தாக வேண்டும்.