அகப்பை பிடித்த இயந்திரக் கை: என் அனுபவம்

கல்லடியில் என் வீட்டு மேசையிலுள்ள சிறிய இயந்திரக் கைக்கு, சிரட்டை அகப்பையால் கச்சான் அள்ளிக் கிண்ணத்தில் இடக் கற்றுக்கொடுக்க முயன்றேன். அது அப்படியே பின்பற்றும் இணைக் கையை நானே அசைத்து, 50 தடவை அள்ளிக் காட்டி, அந்தப் பதிவுகளைக் கொண்டு, செய்து காட்டுவதிலிருந்து கற்கும் ஏசிடி (ACT) என்னும் 2023இல் வெளியான முறையில், கையை இயக்கும் கணினி மாதிரியைப் பயிற்றினேன். அடுத்த ஓர் அசைவை மட்டுமன்றி, வரவிருக்கும் பல அசைவுகளையும் தொகுதியாகக் கணிப்பதால், சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதை அது குறைக்கிறது.

ஆனாலும் அகப்பை பெரும்பாலும் வெறுமையாகவே மேலே வந்தது. இரண்டு நாட்கள் நிரலையே குறைகூறிக்கொண்டிருந்தேன். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான், தட்டின் அடியில் முட்டும் ஒவ்வொரு முறையும் அகப்பையின் வழுவழுப்பான காம்பு இயந்திரக் கையின் பிடிக்குள் சற்றே சுழல்வதையும், கை சரியான இடத்துக்குப் போனாலும் சிரட்டையின் வாய் சாய்ந்து நிற்பதையும் கண்டேன். மேலிருந்து பார்த்த ஒரே கமராவுக்கு அந்தச் சாய்வு தெரியவே இல்லை.

பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பிடியின் இரு விரல்களிலும் ஒட்டினேன். காம்பின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவினேன். மணிக்கட்டில் இரண்டாவது கமராவைப் பொருத்தினேன். பிறகு, வேண்டுமென்றே சாய்த்துப் பிடித்த அகப்பையை நிமிர்த்தி அள்ளும் 30 பதிவுகளைப் புதிய கமராவுடன் மீண்டும் எடுத்த பழைய பாடங்களோடு சேர்த்து மீண்டும் பயிற்றினேன். அந்த 30 பதிவுகளே அதிகம் உதவின என்பது என் கணிப்பு. இப்போது 10 தடவையில் 8 தடவை அள்ளுகிறது. தட்டின் ஓரத்தில் கிடக்கும் கச்சானை மட்டும் இன்னும் விட்டுவிடுகிறது.