வண்டலூர் போகும் முன் தெரு ஆட்டைப் பாருங்கள்

கடலூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு முதல் விஷயம்: செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. சிரிக்க வேண்டாம், நான் போயிருக்கிறேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பினோம்.

அடுத்த முறை திறந்திருந்தது, ஆனாலும் பிரயோசனமில்லை. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சின்னதாக ஆரம்பித்த பூங்கா அது, 1985இலிருந்து வண்டலூரில் 602 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று நாங்கள் ஓடிய ஓட்டத்தில், மறுநாள் வகுப்பில் "என்னடா பார்த்தே?" என்று கேட்டால் "ஐஸ்கிரீம் சார்" என்றான் ஒருவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்கப்புறம் நான்கு விலங்குகளுக்கு மேல் திட்டம் போடுவதில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரம், தரையில் உட்கார்ந்து, நோட்டும் பென்சிலுமாக. பாடத்தை ஒரு வாரம் முன்பே ஊரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முதுநகர்ப் பக்கம் எந்தத் தெருவிலும் ஆடு உண்டு. அது அசைபோடும்போது தாடை எந்தப் பக்கம் நகர்கிறது, குளம்பு எத்தனையாகப் பிளந்திருக்கிறது, கொம்புக்குக் கிளை இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். முடிந்தால் ஆட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டு வாயைத் திறந்து பார்க்கட்டும், மேல்தாடையில் முன்பற்களே இருக்காது. பிள்ளைகள் அலறுவார்கள், விழுந்துவிட்டதா சார் என்று. இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான்.

இப்போது வண்டலூரில் வெளிமான் முன்னால் உட்கார வையுங்கள். அதே அசைபோடல், அதே பிளவுக் குளம்பு, முறுக்கிக்கொண்டு போகும் கிளையில்லாத கொம்பு. பிறகு புள்ளிமானுக்குக் கூட்டிப்போனால் அங்கே கொம்பில் கிளை இருக்கும். பெயரில்தான் இரண்டும் மான், குடும்பம் வேறு. வெளிமான் ஆடு மாடுகளின் குடும்பம், அதன் கொம்பு உதிராது. புள்ளிமானின் கொம்பு ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து மறுபடி முளைக்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், "இதுல எது நம்ம ஊரு ஆட்டுக்குச் சொந்தம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சண்டை போட்டுக்கொண்டு அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முதலையையும் நீர்யானையையும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் வரையச் சொல்லுங்கள், உடம்பு வேண்டாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணும் மூக்குத்துளையும் தலையின் மேல்பக்கமே இருப்பது தெரியும். ஒன்று முட்டையிடுவது, மற்றது பால் கொடுப்பது, ஆனால் உடம்பெல்லாம் தண்ணீருக்குள் கிடக்க மேலே பார்க்கவும் மூச்சுவிடவும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் அதே ஏற்பாடுதான். முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் கோபம் என்பார்கள், அது உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி. அசையுதா பார்ப்போம் என்று கல் எறியும் கைகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், அதில் பெரியவர்கள் கையும் இருக்கும்.

புலி பெரும்பாலும் தூங்கும், அதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் குறையும். வெள்ளைப்புலி தனி இனமில்லை, நிறம் மட்டும்தான் வேறு என்பதையும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பிப் புதுச்சேரி, திண்டிவனம் வழியாகப் போனால் வெயில் ஏறும் முன் உள்ளே நுழையலாம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்தில் நெரிசல் இருக்கும், அதற்கும் நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் உள்ளே விடமாட்டார்கள், சாப்பாடு எவர்சில்வர் டிபனில்தான். பெற்றோர் கையெழுத்து வாங்கிய தாளும் தலைமையாசிரியர் கடிதமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும், வேறு யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். எட்டு பேருக்கு ஒரு பெரியவர், ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் தலை எண்ணிக்கை. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் சீட்டும் எலுமிச்சம்பழமும்.

புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளி என்றால், வண்டலூர் வரை போகத் தயங்குபவர்கள் ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகலாம். 1976இல் பாம்பு, முதலை ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. சின்ன இடம், பிள்ளைகள் தொலைய மாட்டார்கள். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.

மறுநாள் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். பயணத்துக்கு வர முடியாத பிள்ளைகள் நாலைந்து பேர் எப்படியும் இருப்பார்கள். அவர்களை முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்க விடுங்கள், போய்வந்தவர்கள் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். எங்கள் வகுப்பில் வராத ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி: "வெளிமானுக்கும் மேல் பல்லு இல்லையா?" பார்த்தவன் ஒருத்தனும் இல்லை. ஆடும் அதுவும் ஒரே குடும்பமென்றால் எப்படி இருக்கும் என்று அரை மணி நேரம் வாதாடி, மேல் முன்பல் இருக்காது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். சரியான முடிவுதான்.