பழைய விளையாட்டை மறு ஆக்கம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினி விளையாட்டு ஒன்றின் மீது தீராத பற்றுக் கொண்டு, அதைப் புதிய கணினியில் ஓட வைத்தே தீருவது என்று புறப்படுவோர் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். நிரலுக்குப் பிரதி எடுத்து வைக்காதது, முதல் மாதத்திலேயே அட்டைப்படம் வரைந்து விளம்பரம் செய்வது போன்றவை எந்த வேலையிலும் நேரக்கூடியவை, அவற்றை விட்டுவிடுகிறேன். மறு ஆக்கத்துக்கே உரிய தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டின் கடிகாரத்தைக் கழற்றி எறிவது

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றும் எரிச்சல் இல்லாமல் பார்க்க முடிவதில்லை.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அந்த வேகம் மாறவே மாறாது என்று நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் அடுத்தடுத்து வந்த கணினிகளில் கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் பறந்தன. செயலியின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வதற்காகக் கணினிப் பெட்டிகளில் டர்போ பொத்தான் வைக்க வேண்டி வந்தது. இந்த வரலாற்றை அறிந்த புதியவர், விளையாட்டின் ஓட்டம் கணினியின் வேகத்தை நம்பி இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வருகிறார். முடிவு சரிதான். ஆனால் அதைச் செய்யும் வழி தவறிவிடுகிறது. முந்தைய ஃப்ரேமிலிருந்து (திரையில் ஒரு முறை வரையப்படும் படத்திலிருந்து) இந்த ஃப்ரேம் வரை எவ்வளவு நேரம் கழிந்தது என்று அளந்து, எல்லா நகர்வுகளையும் அந்த எண்ணால் பெருக்கிவிடுகிறார். புதிதாக விளையாட்டு எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இதைச் சொல்லித்தருவதால், இதில் கேள்வி கேட்க ஏதும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றுவதில்லை.

இதனால் என்ன கெடுகிறது என்பதை ஒரு தாவலை வைத்தே காட்டிவிடலாம். எல்லாவற்றின் இடத்தையும் வேகத்தையும் ஒருமுறை கணக்கிட்டு முடிப்பதை ஒரு சுற்று என்போம். விநாடிக்கு 30 சுற்று கணக்கிடும் பழைய விளையாட்டு ஒன்றில், பொத்தானை அழுத்தியதும் நாயகனின் மேல்நோக்கிய வேகம் 8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அவன் அந்த வேகத்தின் அளவுக்கு ஏறுகிறான். பிறகு வேகத்தில் 1 குறைகிறது. 8, 7, 6 என்று 1 வரை கூட்டினால் அவன் எட்டும் உயரம் 36 பிக்சல். இதே கணக்கைக் கழிந்த நேரத்தால் பெருக்கி, 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 60 முறை ஓட்டினால் உயரம் 34 ஆகிவிடும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 33 ஆகும். ஃப்ரேம்கள் எவ்வளவு கூடினாலும் அது 32-ஐ நோக்கியே இறங்கும். அசல் விளையாட்டை வடிவமைத்தவர் 35 பிக்சல் உயரத்தில் ஒரு மேடையை வைத்திருந்தால், மறு ஆக்கத்தில் அந்த மேடையை எவராலும் எட்ட முடியாது.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. இளைஞர் ஒருவர் தம் மறு ஆக்கத்தை அனுப்பி, தம் கணினியில் தாண்ட முடிகிற ஒரு பள்ளத்தை நண்பரின் கணினியில் தாண்ட முடியவில்லை, விசைப்பலகையில் கோளாறாக இருக்குமோ என்று கேட்டார். நண்பரின் திரை அவருடையதைவிட வேகமானது என்பதைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஈர்ப்பு விசையைச் சற்றுக் குறைத்துப் பார்த்திருந்தார்; அதனால் எதிரிகள் எறியும் கற்கள் நாயகனைத் தாண்டிப் போய் விழுந்தன. கற்களுக்கெனத் தனி ஈர்ப்பு விசை வைத்தார். ஊஞ்சற்பலகைகள் தாளம் தப்பின. ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்டு, இறுதியில் விளையாட்டில் இருந்த எந்த எண்ணும் அசலில் இருந்த எண்ணாக இல்லை. தவறைக் கண்டுபிடித்த பிறகும் பழைய எண்களை மீட்க அவர் எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டியிருந்தது. இந்தத் தவறு இவ்வளவு செலவு வைப்பதற்குக் காரணம், அது தன்னைத் தவறாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். அசல் விளையாட்டு விநாடிக்கு எத்தனை சுற்று கணக்கிட்டதோ அத்தனை சுற்றே மறு ஆக்கமும் கணக்கிட வேண்டும். கழியும் நேரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, ஒரு சுற்றுக்கு உரிய அளவு சேர்ந்ததும் ஒரு சுற்றை ஓட்டிவிட்டு, மீதியை அடுத்ததற்கு வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் வரைவதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் நடுவே இடத்தைக் கணித்து வரைந்தால் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். (நாயகன் ஒரு வாசலில் நுழைந்து வேறோர் இடத்தில் தோன்றும்போது இந்த இடைக்கணிப்பை நிறுத்த மறந்தால், அவன் ஒரு ஃப்ரேமுக்குத் திரையின் நடுவே பறந்து போவான்; இதுவும் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி.) கணினி திணறிச் சுற்றுகள் பாக்கி விழுந்தால், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டிக் கணக்குத் தீர்க்க முயலாமல் ஒரு வரம்பு வைப்பது அவசியம், இல்லையேல் பாக்கியைத் தீர்க்கும் வேலையே மேலும் பாக்கியை உண்டாக்கும்.

எண்களையும் முழு எண்களாகவே விட்டுவிட வேண்டும். பழைய நிரல்களில் இரண்டால் வகுப்பதற்குப் பதிலாகப் பிட்டுகளை (எண்ணின் 0, 1 இலக்கங்களை) வலப்பக்கம் ஓர் இடம் தள்ளியிருப்பார்கள். 3-ஐத் தள்ளினால் 1. -3-ஐத் தள்ளினால் -2. இதைப் பார்த்து, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சி மொழியில் சாதாரண வகுத்தலாக மாற்றினால் -3 என்பது -1 ஆகிவிடும். அசலில் நாயகன் இடப்பக்கம் சற்று வேகமாக ஓடினான் என்றால் அதற்கு இதுதான் காரணம். அந்த வேறுபாட்டை அறியாமலே அறிந்து பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கு, மறு ஆக்கத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் படும்.

சரிபார்க்கும் வழியை 1993-இல் வந்த டூம் விளையாட்டிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அது விநாடிக்கு 35 சுற்று கணக்கிடுவது. அதன் ஆட்டப் பதிவுக் கோப்புகளில் காட்சி எதுவும் இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவர் கொடுத்த கட்டளைகள் மட்டுமே இருக்கும். கணக்கில் ஓரிடத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும், பதிவை ஓட்டும்போது வீரன் சற்று நேரத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். உங்கள் மறு ஆக்கத்துக்கும் இப்படி ஒன்றை அமைத்து, அதே கட்டளைகளை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடிக்கும் நிரலில்) ஓடும் அசலுக்கும் கொடுத்து, நாயகனின் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகம் எங்கிருந்து பிறக்கிறது என்று பாராதது

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், அணியாக இறங்கிவரும் வேற்றுக்கோள்வாசிகளைச் சுட்டு வீழ்த்த வேண்டும். அதில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே ஒரு வேற்றுக்கோள்வாசிதான் நகர்கிறது. 55 பேர் இருக்கும்போது அணி முழுவதும் ஓர் அடி எடுத்து வைக்க 55 ஃப்ரேம்கள் ஆகும். கடைசி ஒருவர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓடுவார். எல்லோரையும் ஒரே நேரத்தில் நகர்த்தும்படி எழுதிவிட்டு, விளையாட்டில் பதற்றமே இல்லையே என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிக்சலைச் சதுரம் என்று நம்புவது

டாஸ் இயங்குதளக் காலத்தில் விஜிஏ என்னும் திரைக்காட்சித் தரத்துக்கு எழுதப்பட்ட விளையாட்டுகளில் பல 320×200 அளவில் வரையப்பட்டு, 4:3 வடிவத் திரையை முழுவதும் நிரப்பின. ஆகவே ஒவ்வொரு பிக்சலின் உயரமும் அதன் அகலத்தைப் போல 1.2 மடங்கு. அதைச் சதுரமாக்கினால் நிலா முட்டை வடிவில் படுத்துக்கொள்ளும், மனிதர்கள் குள்ளமாவார்கள். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600×1200 கிடைக்கும். கூர்மையும் கெடாது, வடிவமும் கெடாது.

மறைத்ததை வெளிச்சம் போட்டுக் காட்டுவது

1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த சைலன்ட் ஹில் என்னும் திகில் விளையாட்டின் மூடுபனி, தொலைவை வரைய முடியாத கருவியின் இயலாமையை மறைத்தது. அச்சமும் அங்கிருந்தே வந்தது. 2021-இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டின் மறு ஆக்கத்தில் மூடுபனி குறைந்ததும், பரந்து விரிந்ததாக எல்லோரும் நம்பியிருந்த நிலப்பரப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரிந்து, சின்னஞ்சிறியதாகிவிட்டது. பக்கவாட்டில் நகரும் விளையாட்டை அகலத் திரைக்கு விரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: திரைக்கு வெளியே காத்து நின்ற எதிரி, இனி கண் முன்னே திடீரென்று முளைப்பான்.

பிழைகளை எல்லாம் திருத்துவது

1980-இல் வந்த பேக்-மேனில் இளஞ்சிவப்புப் பேய், நாயகனுக்கு நான்கு கட்டம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். அவன் மேல்நோக்கிச் செல்லும்போது மட்டும், கணக்குப் பிழையால், நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளிக் குறிவைக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாதைகள் இந்தப் பிழையையும் சேர்த்துக்கொண்டு உருவானவை. விளையாட்டை நிறுத்திவிடும் பிழையைத் திருத்துங்கள். ஆட்டத்தை உருவாக்கிய பிழையைத் தொடாதீர்கள்.

இசையைப் புதிதாகப் பதிவு செய்வது

செய்யலாம், பழைய ஒலியைத் தேர்ந்தெடுக்கும் வசதியை நீக்காத வரை.

நினைவை நம்பி வேலை செய்வது

கூடாது.

மூல நிரல் கிடைத்ததும் எல்லாம் கிடைத்ததாக எண்ணுவது

டூமின் மூல நிரல் 1997-இல் வெளியிடப்பட்டபோது, ஒலிக்கான நூலகம் வேறொருவரிடம் உரிமம் பெற்றது என்பதால் அது சேர்க்கப்படவில்லை. நிரல் பொதுவுக்கு வந்த பிறகும், விளையாட்டின் படங்களும் கட்டங்களும் இசையும் உரிமையாளரிடமே இருந்தன. ஆகவே அந்த நிரலை வைத்து எழுதப்பட்ட புதிய வடிவங்கள் தரவுக் கோப்பைத் தம்மோடு தருவதில்லை. விலைக்கு வாங்கியவரிடமிருந்தே அதைக் கேட்டு எடுத்துக்கொள்கின்றன. உங்கள் மறு ஆக்கத்தையும் தொடக்கத்திலிருந்தே அப்படி அமைத்துக்கொண்டால், பின்னர் வழக்கறிஞர் கடிதம் வரும்போது நிரலைப் பிய்த்தெடுத்துப் பிரிக்க வேண்டியிருக்காது.